திருப்பக் கூடாது

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சகலை எழுதுவது. போன் செய்தால் அண்ணி எடுத்து, நீங்கள் குளிப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு மனிதர் ஒரு வாரமாகக் குளித்துக்கொண்டே இருக்க முடியாது. அதனால் தபாலில் வருகிறேன்.

மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் பத்தொன்பது வருடமாகக் கட்டிக் காக்கும் பழைய அரண்மனைத் தோட்டத்தில் பார்வையாளர் மையம் கட்டும் போட்டியில் என் வரைபடம் தேர்வானதை உங்களிடம்தான் முதலில் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். மாமா எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "சின்ன மாப்பிள்ளை சாதிச்சுட்டார்" என்றபோது நீங்கள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போனீர்கள். அந்தச் சங்கடத்தை மறைக்கத்தான் உங்கள் வீட்டு அலமாரியைப் பற்றி அந்த ஜோக்கை அடித்தேன். கட்டடக்கலை படித்தவர் வீட்டில் பதினோரு வருடமாக அலமாரிக்குக் கண்ணாடி மாட்ட நேரமில்லை என்று நான் சொன்னதும் அண்ணிகூடச் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மன்னித்துவிடுங்கள்.

வரைபடங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மேட்டில் நீளமான ஒற்றை மாடிக் கட்டடம். நுழைவுச்சீட்டு, சின்னக் கண்காட்சி, அதைத் தாண்டினால் முழு நீளத்துக்கும் கண்ணாடிச் சுவர். அதன் வழியே கீழே அரண்மனை மொத்தமும் தெரியும். மார்ச் 20 அன்று அடித்தளத்துக்குக் கான்கிரீட் போடுகிறோம். அதற்கு முன் இடத்தின் பொறுப்பாளர் என்ற முறையில் ஆட்சேபணை இல்லை என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். ஏதாவது குறை கண்ணில் பட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். என்னை வேலைக்குச் சேர்த்து, பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்.

சின்ன மாப்பிள்ளை


ஜனவரி 17

சகலைக்கு,

வரைபடம் வந்தது. குறை சொல்லச் சொன்னாய், சொல்கிறேன்.

கழிப்பறையைக் கண்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய். இரண்டு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து வந்து இறங்குபவர் முதலில் தேடுவது வரலாற்றை அல்ல. அதை வாசலுக்குக் கொண்டுவா. உன் கூடத்தில் உட்கார ஒரு இடமில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பு விட்டுப்போனவர்களும் முட்டி வலிக்காரர்களும் நின்றுகொண்டேவா அரண்மனையை ரசிப்பார்கள்? படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் போட்டிருக்கிறாய், நல்லது. ஆனால் அது வளைந்து வளைந்து போகிறது. சக்கர நாற்காலியைத் தள்ளுபவருக்கு உன் வளைவின் அழகு புரியாது.

கண்ணாடிச் சுவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பேப்பரில் அதன் முன்மாதிரிப் படத்தோடு வந்த உன் படத்தை உன் அண்ணி வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போனாலும் நீ கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். பத்தொன்பது வருடத்தில் என் படம் ஒருமுறை பேப்பரில் வந்தது. அதிலும் சுண்ணாம்பு வாளிக்குப் பின்னால் பாதி முகம்தான். அதை யாரும் எங்கும் ஒட்டவில்லை.

உன்னை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிப்போய் இந்தக் குடும்பத்தில் கொண்டுவந்து விட்டவனும் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், கணக்கு நேர்.

பெரிய மாப்பிள்ளை


பிப்ரவரி 2
(எழுதியது, தபாலில் போடாதது)

சகலைக்கு,

போன கடிதத்தில் கழிப்பறையைப் பற்றி அவ்வளவு எழுதினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

அரண்மனையில் ஓவிய அறை இருக்கிறது அல்லவா, எட்டு எட்டுப் பேராக உள்ளே விடுகிறோமே, அந்த அறை. நான்கு சுவரிலும் ஒரே குளம், நீலத் தண்ணீர், அதில் நீந்துகிற பெண்கள். மேற்கு மூலையில் ஒருத்தி கழுத்து வரை தண்ணீரில் நின்று நம்மைத் திரும்பிப் பார்ப்பாள். அந்த நீலம் செடிச் சாறு. வெயில் பட்டால் போய்விடும், பிறகு எந்த வித்தை செய்தாலும் திரும்பாது. அறைக்கு வடக்கில் ஒரே ஒரு சன்னல். கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள், நேர் வெயில் ஒரு நாளும் அதற்குள் விழாது. அதை அடைக்கவும் முடியாது. காற்று இல்லாவிட்டால் ஈரம் ஏறிச் சுவரில் பூஞ்சை பூத்துவிடும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே மேட்டில் இதே மாதிரி ஒரு மையம் கட்ட நானும் ஒரு வரைபடம் போட்டேன். தோட்டத்தின் நிர்வாகக் குழு அதைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கோப்பில் வைத்துக் கட்டிவிட்டது. என் வரைபடத்திலும் கண்ணாடிச் சுவர்தான். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. உன் அண்ணியின் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி, போர்வையில் சுற்றி, வண்டியில் வைத்துக் கொண்டுபோய் மேட்டில் நிறுத்திப் பார்த்தேன். நீ சுவரை வைத்திருக்கும் அதே கோணத்தில் வைத்தால் மாலை வெயில் பட்டுத் திரும்பி, நேரே வடக்குச் சன்னலுக்குள் புகுந்து, அந்த மூலைக்காரி முகத்தில் விழுகிறது. மார்ச்சில் இரண்டு வாரம், செப்டம்பரில் இரண்டு வாரம். பன்னிரண்டு டிகிரி தள்ளி வைத்தால் அந்த வெளிச்சம் புல்லில் விழுந்து போகும். திரும்பி வரும் வழியில் கண்ணாடி உடைந்தது. உன் ஜோக்கில் வந்த அலமாரி அதுதான்.

ஆக, உன் சுவரைத் திருப்ப வேண்டும். இதைச் சொல்ல ஒரு போன் போதும். இரண்டு வாரமாகச் சொல்லாமல் இருக்கிறேன். சொன்னால் உன் கட்டடம் குறையில்லாததாகிவிடும். மாமா இன்னொரு முறை எழுந்து வந்து உன் தோளைத் தட்டுவார். எனக்கு வயிறு எரிகிறது. எழுத்தில் பார்த்தால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

நாளைக்குப் போடுகிறேன்.


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கழிப்பறை வாசலுக்கு வந்துவிட்டது. சுவர் நீளத்துக்கு மர இருக்கை போட்டுவிட்டேன். சாய்தளம் இப்போது நேராகப் போகிறது. நீங்கள் சொன்ன மூன்றும் சரி. என் அலுவலகத்தில் பதினான்கு பேர் உட்கார்ந்து பார்த்த வரைபடம், ஒருவர் கண்ணிலும் இவை படவில்லை.

வேறு ஒன்றும் இல்லைதானே? என் மனைவி இரண்டு நாளுக்கு ஒரு முறை, "அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்கிறாள். வீட்டில் குழாய் ஒழுகினாலும் அத்தான், பையனுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாலும் அத்தான். இருபத்திரண்டு கட்டடம் கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றின் திறப்பு விழாவிலும் மாமா என் காதருகில் வந்து, பெரியவர் பார்த்தாரா என்று கேட்பார். பார்த்துவிட்டார் என்று நான் சொன்ன பிறகுதான் அவர் ரிப்பனைப் பார்ப்பார். தப்பாக நினைக்காதீர்கள், சும்மா எழுதினேன்.

நீங்களும் அந்தக் காலத்தில் இந்த மேட்டுக்கு ஏதோ வரைந்ததாகக் குழுவில் ஒருவர் சொன்னார். அது என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் கேட்டிருப்பேன்.

ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் மட்டும் பாக்கி. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சின்ன மாப்பிள்ளை


மார்ச் 12

பார்வையாளர் மையக் கட்டடக்கலைஞர் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய திருத்திய வரைபடங்களைப் பார்வையிட்டேன். கட்டுமானத்தைத் தொடங்க இந்த அலுவலகத்துக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.

பொறுப்பாளர்,
அரண்மனைத் தோட்டம்


மார்ச் 27

சகலைக்கு,

இத்துடன் இருக்கும் பிப்ரவரி மாதக் கடிதத்தை முதலில் படி. படித்துவிட்டு இதற்கு வா.

படித்தாயா? சரி. திட்ட வேண்டியதை ஒரு நிமிடம் நிறுத்திவை, மீதியையும் கேள்.

போன வாரம் உன் ஆட்கள் அடித்தளத்தைப் போட்டு முடித்தார்கள். நேற்று உன் கண்ணாடிக்காரர் மாதிரிக்கு ஒரே ஒரு பலகை கண்ணாடியைக் கொண்டுவந்து, சுவர் வரும் இடத்தில் சட்டத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் போனார். நிறம் பார்க்கவாம். மாலை கடைசி எட்டுப் பேரை அறைக்குள் விட்டு நான் வாசலில் நின்றேன். உள்ளே ஒரு அம்மா, "இப்பதான் நல்லா தெரியுது, லைட் போட்டுட்டாங்க" என்றார்கள். அந்த அறையில் விளக்கே கிடையாது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூலைக்காரியின் முகத்தில் பாதி வெயில். பத்தொன்பது வருடமாக நான் அவளை இருட்டில்தான் பார்த்திருக்கிறேன். கழுத்தருகே தண்ணீரில் ஒரு சின்ன மீன் இருக்கிறது, சகலை. அது எனக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒரு நொடி நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் தோளில் இருந்த துண்டை எடுத்துச் சன்னலில் விரித்துப் பிடித்துக்கொண்டு வெயில் இறங்கும் வரை அப்படியே நின்றேன். என் வேலைக்காரர்கள் என்ன சார் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன்தானே.

ஒரு பலகைக்கே இப்படி என்றால், நாற்பது பலகைக்கு நான் எத்தனை துண்டைப் பிடிப்பேன்? தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்மேல் பொறாமை. வேறு பெயர் வைக்க முயற்சி செய்தேன், எதுவும் ஒட்டவில்லை. மாதிரிக் கண்ணாடியை இன்று காலை நானே கவிழ்த்துப் படுக்கவைத்துவிட்டேன்.

இப்போது திட்டு.

பெரிய மாப்பிள்ளை


ஏப்ரல் 4

அண்ணாவுக்கு,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் உங்களைத் திட்டியிருந்தேன், நன்றாகவே திட்டியிருந்தேன். ஐம்பது நாள் மேசை இழுப்பறையில் ஒரு கடிதத்தைப் பூட்டிவைத்திருக்கிறீர்கள். இடையில் "தாங்கள்" என்று எனக்கு ஒரு அலுவலகக் கடிதம் வேறு. அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன் தெரியுமா? கடைசியில் மனிதர் எனக்கு மரியாதை கொடுத்துவிட்டார் என்று என் மனைவியிடம் காட்டினேன்.

நாலாவது கடிதத்தை எழுதும்போது கை நின்றுவிட்டது. உங்கள் பழைய வரைபடம் என் கண்ணில் படவில்லை என்று எழுதினேன் அல்லவா? அது பொய். போட்டிக்கு வந்த எல்லோருக்கும் குழு கொடுத்த பழைய காகிதக் கட்டில் கடைசித் தாள் அதுதான். என் வரைபடத்தை முடித்த பிறகுதான் அந்தத் தாள் வரை புரட்டினேன், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஆறு வாரம் முட்டி மோதிக் கண்டுபிடித்த கட்டடம், அதே மேடு, அதே நீளம், அதே கண்ணாடிச் சுவர். பதினோரு வருடத்துக்கு முன்னால் நீங்கள் போட்டுவிட்டு மறந்துபோயிருக்கிறீர்கள். மாமா என்ன சொல்வார் என்று காதில் கேட்டது. பெரியவர் முன்னாடியே போட்டுட்டாரே!

உங்கள் தாளில் சுவருக்குப் பக்கத்தில் பென்சிலில் இரண்டே வார்த்தை: "திருப்பக் கூடாது." காரணம் கிடையாது, விளக்கம் கிடையாது. உங்கள் அலுவலகத்தில் நான் இருந்த ஐந்து வருடமும் அதே தோரணைதான். "மாத்தாதே", "தொடாதே", "இப்படியே இருக்கட்டும்". ஏன் என்று கேட்டால் ஒரு பார்வை. கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை போகவில்லை.

அதனால்தான் திருப்பினேன். அதே கட்டடம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் திருப்பினேன். பென்சில் வார்த்தையைப் பார்த்ததும் வீம்புக்காகவும் திருப்பினேன். பன்னிரண்டு டிகிரி. வேறு எந்தக் காரணமும் இல்லை. நீங்கள் சொல்லாமல் விட்டது ஐம்பது நாள். ஆனால் அந்த வெயிலை அறைக்குள் அனுப்பியது என் கைதான்.

குழுவிடம் ஓவிய அறைக்கு வெயில் ஆபத்து என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மார்ச்சிலும் செப்டம்பரிலும் கண்ணாடிக்குத் திரை போட்டுக்கொள்ளலாம், அடித்தளத்தைத் தொட வேண்டாம் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சுலபம். உடைக்க வேண்டும் என்றால் ஏன் அப்படி வைத்தாய் என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்வேன்? எரிச்சலில் வைத்தேன் என்றா?

சின்னவன்


ஏப்ரல் 9

சகலைக்கு,

காரணத்தை நான் எழுதாதது மறதியால் அல்ல. அந்த மேட்டில் கண்ணாடியோடு நின்று நான் கண்டுபிடித்தது அது. காரணத்தை எழுதிவிட்டால் அடுத்து வருகிறவன் அதைப் படித்து, தானே யோசித்ததுபோல் எழுந்து நிற்பான் என்று நினைத்தேன். அப்போது உன் முகம்கூட எனக்குத் தோன்றவில்லை. யாரோ ஒருவன், இன்னும் வராதவன், அவன்மேல் அன்றைக்கே பொறாமைப்பட்டிருக்கிறேன். எவ்வளவு முன்யோசனை பார்.

திரை வேண்டாம். திரை என்றால் அதை இழுக்க ஒருவர் வேண்டும். நான் இன்னும் நான்கு வருடத்தில் ஓய்வு பெறுவேன். அடுத்து வருகிறவருக்கு ஒரு மாலை ஞாபகம் இருக்காது. இன்னொரு மாலை யாராவது முக்கியமானவர் வந்து, இவ்வளவு அழகான காட்சியை ஏன் மூடிவைத்திருக்கிறீர்கள் என்பார். நீலம் போன பிறகு திரையை இழுத்து என்ன செய்ய?

உடைக்கச் சொல். குழு கூடும் நாளைத் தெரிவி, நானும் வருகிறேன். நான் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று சொல்கிறேன். உன் எரிச்சலை நீ சொல்ல வேண்டாம், என்னுடையதே அவர்களுக்குப் போதும்.

பெரிய மாப்பிள்ளை


மே 15

அண்ணாவுக்கு,

குழு அறையில் உங்களுக்குப் பின்னால் நான் எழுந்து பேசியது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். வெளியே வந்து நேராகப் பேருந்து ஏறிவிட்டீர்கள். ஆனால் உங்கள் தலையில் மொத்தத்தையும் போட்டுவிட்டு நான் நல்லவனாக வீட்டுக்குப் போயிருந்தால், அந்தக் கட்டடத்துக்குள் என்னால் கால் வைக்க முடியாது. அவர்கள் முகத்தைப் பார்த்தீர்களா? இரண்டு கட்டடக்கலைஞர்கள் மாறி மாறி எழுந்து தங்கள் வயிற்றெரிச்சலைப் பதிவு செய்யச் சொன்னதை அவர்கள் இதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள். குறிப்பெழுதிய அம்மா என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

உங்களுக்கு எழுத்தில் கண்டிப்பு. எனக்கு இனி இரண்டு வருடம் அவர்கள் போட்டிகளில் இடமில்லை. கிடைக்க வேண்டியதுதான்.

அடித்தளத்தை உடைத்து முடித்தாயிற்று. சுவர் பன்னிரண்டு டிகிரி திரும்பி உங்கள் பழைய கோணத்துக்கே வந்துவிட்டது. புதுத் தாளில் உங்கள் இரண்டு வார்த்தையை அதே இடத்தில் எழுதியிருக்கிறேன். கீழே காரணத்தை ஒன்பது வரி எழுதியிருக்கிறேன், சன்னல், மாதம், மூலைக்காரி, எல்லாம். வாசல் பலகையில் உங்கள் பெயரையும் போடலாமா என்று கேட்கிறார்கள். போடட்டுமா?

சின்ன மாப்பிள்ளை


மறு வருடம், மார்ச் 29

சகலைக்கு,

பலகையில் என் பெயரைப் போட வேண்டாம் என்று போன வருடமே சொன்னேன். மாமா இன்னும் அதற்காக என்னோடு சண்டை பிடிக்கிறார். என் பெயரும் இருந்தால் நான் யார்மேல் பொறாமைப்படுவது? ஓய்வு பெறும் வரை அதுவும் ஒரு வேலைதான்.

உன் அண்ணியிடம் கண்ணாடிக் கதையைச் சொல்லிவிட்டேன். குழு தேர்வு செய்யாத கோபத்தில் நான் அதை உடைத்ததாகவே அவள் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாளாம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஒரு பக்கம் தூக்கியிருப்பேனே" என்றாள். மறுநாளே அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அலமாரிக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது.

இந்த இரண்டு வாரமும் மாலையில் ஓவிய அறையில்தான் நின்றேன். தோளில் துண்டோடுதான் போனேன், உன்னை நம்பாமல் இல்லை, என் வழக்கம். நாற்பது பலகையிலும் வெயில் பட்டுத் திரும்பிப் புல்லில் நீளமாக விழுந்தது. அறைக்குள் ஒரு பொட்டு வரவில்லை. அந்த மீன் எனக்கு இனி தெரியப்போவதில்லை. பரவாயில்லை, அது அங்கே இருக்கிறது.

உன் கட்டடத்துக்கு வருகிறேன். மர இருக்கையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. எல்லோரும் கண்ணாடி முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், அரண்மனையை அல்ல, கண்ணாடியில் தெரியும் தங்களை. வாசலில் கருத்து எழுத ஒரு நோட்டு வைத்தாயே, அதைத் தினமும் பூட்டும் முன் படிக்கிறேன். "கட்டடம் அருமை." "என்ன ஒரு வடிவமைப்பு." "கட்டியவர் கைக்கு மோதிரம் போட வேண்டும்." பக்கம் பக்கமாக நீதான். அரண்மனையைப் பற்றி இந்த மாதம் நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள், அதில் ஒருவர் படி வழுக்குகிறது என்கிறார். எனக்கு எரிகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

நேற்று ஒருவர் எழுதியதை மட்டும் அப்படியே தருகிறேன். "ஓவியம் இருக்கும் அறை ஒரே இருட்டு. எதுவும் சரியாகத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய கட்டடம் கட்டத் தெரிந்தவர்களுக்கு அங்கே கொஞ்சம் வெளிச்சம் வரவழைக்கத் தெரியாதா?"

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, குளிர்சாதனப் பெட்டியின் மேல் உன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நம் இருவரையும் சேர்த்து ஒருவர் எழுதியது அது ஒன்றுதான்.

பெரிய மாப்பிள்ளை